ரெமிங்டன் 1100

அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் 1963இல் கொண்டுவந்த அரைத் தானியங்கி ஷாட்கன். பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் ஸ்கீட் போட்டிக்கும் வாத்து, காடை வேட்டைக்கும் ஒரே துப்பாக்கி தேடுவோர் இன்றும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். தோட்டா வெடித்ததும் குழலின் அடித்துளைகள் வழியே வரும் வாயு பிஸ்டனைத் தள்ள, வெற்றுத் தோட்டா வெளியேறி அடுத்தது ஏறுகிறது. இதனால் தோளில் உதைப்பு மென்மையாக விழும். நாள் முழுதும் களிமண் தட்டுகளைச் சுடுபவருக்கு இது பெரிய வரம். குழலைக் கழற்றி மாற்றலாம்: ஸ்கீட்டுக்கு ஒன்று, வாத்துக்கு ஒன்று. பழைய துப்பாக்கி வாங்குபவர் முன்பிடியைக் கழற்றி, உள்ளேயுள்ள ரப்பர் வளையத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அதில் விரிசல் இருந்தால் வாயு கசிந்து அடுத்த தோட்டா ஏறாமல் சிக்கும். வாத்து வேட்டையில் அமெரிக்கக் கூட்டரசு விதி மூன்று தோட்டாக்களையே அனுமதிப்பதால், தோட்டாக் குழாய்க்குள் அடைப்புக்கட்டை இருக்க வேண்டும்.