நாவல் ஓரத்துல ஒரு பென்சில்: நாஞ்சில் நாட்டு வரலாறு வாசிக்க ஒரு வழி

நீளமான த்ரெட். பொறுமையா வாசிங்க மக்களே.

நாகர்கோவில் பக்கம் பெரியவங்க யாராவது "தொண்ணூத்தொம்பது வெள்ளம்"னு சொன்னா 1999-ன்னு நினைச்சிடாதீங்க. அது கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924 ஜூலை. திருவிதாங்கூரையே புரட்டிப் போட்ட வெள்ளம். கொல்லம் ஆண்டோட 825 கூட்டுங்க, ஆவணி முதல் டிசம்பர் வரைன்னா 824. நம்ம ஊர் நாவல் எதை எடுத்தாலும் முதல் பக்கத்துல இந்தக் கணக்கை பென்சிலால எழுதி வச்சிடுங்க. பாதி வரலாறு அங்கேயே திறந்திடும்.

புத்தகத்துல எழுதுறது பாவம்னு சின்ன வயசுல சொல்லி வளர்த்துட்டாங்க. ஆனா உரை இல்லாம நம்ம இலக்கியம் எது பிழைச்சிருக்கு? 1887-ல உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சுல கொண்டு வந்தப்போ நச்சினார்க்கினியர் உரையோடதான் கொண்டு வந்தார். காப்பியத்துக்கு உரை எழுதின நாம, நாவலை மட்டும் பஸ்ல வாசிச்சு மூடி வச்சிடுறோம்.

சுந்தர ராமசாமியோட 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) எடுத்துக்கோங்க. தாமோதர ஆசான் கதை சொல்ற இடம் ராஜா காலம். பின்னாடி வர்ற கடைகளும் நகராட்சித் தேர்தலும் சுதந்திரத்துக்கு அப்புறம். எந்த அத்தியாயம் எந்த ஆட்சின்னு ஓரத்துல குறிச்சுக்கிட்டே போனா, ஒரு மரத்தைச் சுத்தி ஒரு ஊர் சமஸ்தானத்துல இருந்து ஜனநாயகத்துக்கு நகர்றது கண்ணுக்குத் தெரியும். 1956 நவம்பர் 1-ல தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் தமிழ்நாட்டோட சேர்ந்தது. நாவல் வந்தது அதுக்குப் பத்து வருஷம் கழிச்சு. இந்த ரெண்டு வருஷத்தையும் பக்கத்துப் பக்கத்துல எழுதிட்டு வாசிச்சுப் பாருங்க. (ஹீப்ரு மொழியில கூட வந்த நாவல் இது. நம்ம பிள்ளைங்க வாசிக்கலன்னா எப்படி?)

அடுத்து சாப்பாடு. டாக்டர் வேற எங்க போவான்!

நம்ம ஊர்க் கதையில 'மரச்சீனி'ன்னு வந்தா அடிக்கோடு போடுங்க. திருவிதாங்கூர்ல இதைப் பரப்பினவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. 1942-ல பர்மா ஜப்பான் கைக்குப் போய், அங்கிருந்து அரிசி வர்றது நின்னப்போ ஏழைங்க வயித்தைக் காப்பாத்தினது இதுதான். இதே காலத்துல நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில (1838-ல தொடங்கினது) சோமர்வெல்னு ஒரு சர்ஜன். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்கள்ல போனவர், மலையை விட்டுட்டு நம்ம ஊர் ஏழைங்களுக்கு ஆபரேஷன் பண்ண வந்துட்டார். அவர்கிட்ட குவிஞ்ச கேஸ் எது தெரியுமா? சிறுகுடல் அல்சர். காரணத்தைச் சாப்பாட்டுல தேடினாங்க. ஹெலிகோபாக்டர் பைலோரிங்கிற கிருமியை மார்ஷலும் வாரனும் கண்டுபிடிச்சது 1982-ல, நோபல் கிடைச்சது 2005-ல. நாவல்ல ஒருத்தர் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா, இவ்வளவும் அந்த ஓரத்துல எழுத இடம் இருக்கு.

'அக்கானி'ன்னா பதநீர், 'விளை'ன்னா தோப்பு, 'மூடு'ன்னா மரத்தடி. இது தெரியாம ஹெப்சிபா ஜேசுதாசனோட 'புத்தம் வீடு' (1964) வாசிக்கிறவங்க பாவம். 'உகந்துடைமை' இன்னும் முக்கியம். மருமக்கள்வழியில சொத்து சகோதரி மக்களுக்குப் போயிடும், சொந்தப் பிள்ளைங்களுக்குக் கிடைக்கிற சின்னப் பங்குதான் உகந்துடைமை. 1926-ல நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து அந்த முறைக்கு முடிவு கட்டுச்சு. இது புரியாம கவிமணியோட 'மருமக்கள்வழி மான்மியம்' வாசிச்சா சிரிப்பு மட்டும்தான் வரும், அதுக்குள்ள இருக்கிற அழுகை தெரியாது.

நான் அதிகமா கிறுக்கி வச்சிருக்கிறது நீல பத்மநாபனோட 'தலைமுறைகள்' (1968). இரணியல் கதை. நாகு மேல குறை சொல்லிப் புருஷன் அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிடுறான். குறை அவன்கிட்ட. ஊரு மொத்தமும் அவளைத்தான் பார்க்குது, அவனைப் பரிசோதிக்கணும்னு யாருக்கும் தோணல. குழந்தை இல்லன்னு வர்ற தம்பதியில இன்னைக்கும் மனைவி கையில மூணு வருஷ ரிப்போர்ட் இருக்கும், கணவனுக்கு ஒரு விந்துப் பரிசோதனை கூட எடுத்திருக்க மாட்டாங்க. ரெண்டு பேரையும் ஒரே காலகட்டத்துல பரிசோதிக்கிறதுதான் சரியான முறை. தேதி போட்டு அந்தப் பக்கத்துல எழுதி வச்சிருக்கேன்.

பென்சில் போதும், பேனா வேண்டாம். நூலகப் புத்தகம்னா தனி நோட்டு. புரியாத சொல்லை வட்டம் போட்டு வச்சு, வீட்டுல எண்பது தாண்டின ஆச்சியோ தாத்தாவோ இருந்தா இந்த ஞாயித்துக்கிழமையே கேட்டுடுங்க. அகராதியில கிடைக்காத அர்த்தம் பலது அவங்க கிட்டதான் இருக்கு. யார் சொன்னாங்கன்னு பேரையும் பக்கத்துலயே எழுதிக்கோங்க.