வன்னி மரமும் கேஜர்லி ஊரும்

விசயதசமி நாளன்று நம் நாட்டுத் திருக்கோயில்கள் பலவற்றில் இறைவன் குதிரை வாகனத்தில் எழுந்தருளி, வன்னி மரத்தை நோக்கி அம்பு எய்யும் விழாவைப் பெரியோர் பலர் கண்டிருப்பர். இவ்வடபுலத்திலேயே பிறந்து வளரும் நம் சிறார்க்கு அக்காட்சி அரிதே. ஆயினும் அவ்விழாவிற்குரிய மரம் அவர்கட்கு அயலானதன்று. வடமொழியில் சமி என்றும், இராஜஸ்தானத்தில் கேஜ்ரி என்றும் வழங்குவது நம் வன்னியே. ஜோத்பூர்ப் பக்கம் இரயிலில் செல்வோர், மணல் வயல்களின் நடுவே தனித்தனியாக நிற்கும் அம்மரங்களை வழிநெடுகக் காணலாம்.

பாண்டவர் தம் படைக்கலங்களை மறைத்து வைத்தது வன்னியிலே என்பது பாரதக் கதை. அவர்கள் கரந்துறைந்த விராட நகரம் ஜெய்ப்பூருக்கு வடக்கேயுள்ள பைராட் என்பர். திருமுதுகுன்றமாகிய விருத்தாசலத்தில் வன்னியே தலமரம். ஒரு பெண்ணின் மணத்திற்கு வன்னி மரம் சான்றாக வந்து நின்ற கதையைத் திருவிளையாடற் புராணம் விரித்துரைக்கிறது. சிலப்பதிகாரத்திலும் அதன் குறிப்பு உண்டு. இவ்வாறு தெற்கும் வடக்கும் ஒருங்கே போற்றிய மரம் இது. ஆனால், போற்றுதல் வேறு, காத்தல் வேறு. கோயிலுக்குள் நிற்கும் ஒரு மரத்தை வலம்வந்து, வயலில் நிற்கும் நூறு மரங்களை விறகாக்குதல் எங்கும் காணும் வழக்கமன்றோ? அரசர்களும் மரம் காக்கச் சட்டம் செய்ததுண்டு. நகரப் பூங்கா மரத்தின் கொழுந்தைக் கிள்ளினால் ஆறு பணம் தண்டம் என்று விதிக்கிறது கௌடலீயம். ஆயின் அரசனே வெட்டச் சொன்னால் தண்டம் விதிப்பார் யார்? இவ்வினாவிற்கு மார்வார் நாட்டுச் சிற்றூர் ஒன்று விடை கூறியது.

நாகௌர்ப் பகுதியிலுள்ள பீபாசர் என்னும் ஊரில் 1451ஆம் ஆண்டு பிறந்தவர் ஜாம்போஜி. குரு ஜம்பேசுவரர் என்றும் அவரைச் சொல்வர். இளமையில் ஆநிரை மேய்த்தவர். பஞ்சம் மார்வாரைப் பன்முறை சூறையாடிய காலம் அது. மழை பொய்த்தால் மக்கள் மரங்களை வெட்டி விற்பர்; மரம் போனபின் ஆடுமாடுகட்குத் தழையும் இராது; பின்னர் ஊரையே விட்டு வெளியேறுவர். இதனைக் கண்ணாற் கண்டவர் ஜாம்போஜி. 1485இல் பீகானேர்ப் பகுதியிலுள்ள சம்ராத்தல் மணற்குன்றின்மீது அவர் திருமாலை வழிபடும் நெறி ஒன்றைத் தோற்றுவித்து, இருபத்தொன்பது விதிகளை வகுத்தார். இருபதும் ஒன்பதும் என அவ்வெண்ணைக் குறிக்கும் அந்நாட்டுச் சொற்களிலிருந்தே 'பிஷ்ணோய்' என்னும் பெயர் வந்தது என்பர்.

அவ்விதிகளில் தத்துவ விளக்கம் மிகுதியில்லை. பெரும்பாலும் வீட்டு வழக்கங்களே. வைகறையில் நீராடுக, பொய் சொல்லற்க, கள், புகையிலை, அபின் தொடற்க, பச்சை மரத்தை வெட்டற்க, உயிர்களிடத்து இரக்கம் காட்டுக, காளைக்குக் காயடிக்கற்க, ஆட்டுக்கடாக்களைக் கொலைக்கு அனுப்பாது பொதுக் கொட்டிலில் வைத்துக் காக்க. நீரையும் பாலையும் வடிகட்டியே கொள்ள வேண்டும். விறகை அடுப்பில் இடுமுன் அதில் எறும்பு, பூச்சி உண்டா என உதறிப் பார்த்தல் வேண்டும். காலைதோறும் விறகை உதறும் பெண்ணுக்கு அறநூல் வேறு எதற்கு என்றே எனக்குத் தோன்றுகிறது. பிஷ்ணோயர் பொதுவாக இறந்தோரை எரிப்பதில்லை, புதைக்கின்றனர். அதனால் ஈமவிறகும் மிச்சமாகிறது.

வன்னியால் அவர்கள் பெறும் பயனும் பெரிது. கோடையின் கொடுமையிலும் அது தளிர்க்கும். தழை ஒட்டகத்திற்கும் ஆட்டிற்கும் தீவனம். 'சாங்ரி' எனப்படும் காய் மனிதர்க்குக் கறி. வேர் மிக ஆழ்ந்து செல்வதாலும் மண்ணை வளப்படுத்துவதாலும் அதன் அடியில் கம்பு செழிக்கிறது. 1899–1900ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தில் அதன் பட்டையையே இடித்து மாவாக்கி உண்டு உயிர் பிழைத்தோர் உண்டு. ஆகவே பயன் கருதியன்றோ காத்தனர் என்று ஒருவர் கேட்கலாம். பயனுள்ளதை அறமாக்குவதில் இழுக்கு யாதும் இல்லை. மேலும், உயிரைக் கொடுத்தவர் எப்பயனை நுகர்ந்தார்?

1730ஆம் ஆண்டில் நிகழ்ந்தது அது. ஜோத்பூர் மன்னர் அபயசிங் கட்டடப் பணிக்காகச் சுண்ணாம்பு சுட விரும்பினார். காளவாய்க்கு விறகு வேண்டியிருந்தது. நகருக்கு ஏறத்தாழ 26 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கேஜர்லியில் வன்னி மிகுதி என்று கண்டு, திவான் கிரிதர்தாஸ் பண்டாரி ஆட்களுடன் அங்குச் சென்றார். அமிர்தாதேவி என்னும் பெண்மணி குறுக்கே நின்றார். கையூட்டுத் தந்தால் அவர் வீட்டு மரத்தை விட்டுவிடுவதாக வந்தவர்கள் கூறினர் என்றும், அது தம் நெறிக்கு இழிவென அவர் மறுத்தார் என்றும் பிஷ்ணோயர் கூறுவர். ஒரு மரத்திற்கு ஒரு தலை விலை மலிவே என்று சொல்லி அவர் மரத்தைத் தழுவி நின்றார். கோடரி விழுந்தது. ஆசு, ரத்னி, பாகு என்னும் மகளிர் மூவரும் தாயைத் தொடர்ந்தனர். செய்தி பரவச் சுற்றுப்புற ஊர்களிலிருந்து மக்கள் திரண்டு வந்து, மரத்திற்கு ஒருவராக நின்று மடிந்தனர். மாண்டோர் 363 பேர் என்பது அச்சமூகம் போற்றிவரும் கணக்கு.

மன்னர் செய்தியறிந்து வருந்தி வேலையை நிறுத்தினார். பிஷ்ணோயர் ஊர்களில் மரம் வெட்டுதலும் வேட்டையாடுதலும் கூடா எனச் செப்பேட்டில் ஆணை பிறப்பித்தார். இராஜபுத்திர அரசுகளிலும் தசராவன்று வன்னியை வழிபடும் வழக்கம் இருந்தது என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

1973இல் இமயமலைச் சாரலில் தோன்றிய சிப்கோ இயக்கத்தாருக்குக் கேஜர்லி முன்னோடியாய் அமைந்தது. 1983இல் வன்னி இராஜஸ்தானின் மாநில மரமாயிற்று. 2013 முதல் செப்டம்பர் 11 தேசிய வனத் தியாகிகள் நாளாகக் கொண்டாடப்படுகிறது. எனினும் கதை முடிந்துவிடவில்லை. 2024இல் பீகானேர்ப் பகுதியில் சூரிய மின் நிலையங்களுக்காக வன்னி மரங்கள் வெட்டப்பட்டதை எதிர்த்துப் பிஷ்ணோயர் மீண்டும் அறப்போரில் அமர்ந்தனர். புகையில்லா மின்சாரமும் வேண்டும், நிழல் தரும் மரமும் வேண்டும் என்னும் இவ்வழக்கு, சுண்ணாம்புக் காளவாயின் வழக்கைப்போல் எளிதன்று.

கேஜர்லியில் ஆண்டுதோறும் புரட்டாசியை ஒட்டி வரும் வளர்பிறைத் தசமியன்று விழா கூடுகிறது. சிவப்பும் மஞ்சளும் உடுத்த பெண்கள் திரளாக வந்து, மாண்டோர் நினைவிடத்தில் வேள்வித்தீயில் நெய் சொரிந்து செல்கின்றனர். அதற்கு அடுத்த வளர்பிறைத் தசமியே நம் விசயதசமி.