பினீசியர் விட்டுச் சென்ற எழுத்து

நடுநிலக்கடலின் கீழ்க்கரையில், இன்றைய லெபனானை ஒட்டிய குறுகிய நிலப்பகுதியில் பண்டு வாழ்ந்த கடல்வணிகர் பினீசியர். தீர், சீதோன், பைப்லாஸ் என்பன அவர்தம் துறைமுக நகரங்கள். அவர்கள் உலகிற்கு வழங்கிய பெருங்கொடை இருபத்திரண்டு எழுத்துகள். செமித்திய எழுத்து முறைகளுள் அவற்றிற்குரிய இடம் யாதென ஈண்டுக் காண்போம்.

செமித்திய மொழிகள் அனைத்தும் ஒரே வகை எழுத்தைக் கையாண்டன அல்ல. பாபிலோனியரும் அசிரியரும் வழங்கிய அக்காடிய மொழி, சுமேரியரிடமிருந்து பெற்ற ஆப்பெழுத்தில் எழுதப்பெற்றது. அதற்கு நூற்றுக்கணக்கான குறிகள் வேண்டும். கற்கப் பல்லாண்டுகள் வேண்டும். எழுத்து ஒரு சிலரின் தனியுடைமையாக நின்றதில் வியப்பில்லை.

இந்நிலை மாறியதற்கான சான்று சினாய்ப் பாலைநிலத்துச் சுரங்கங்களின் அருகே கிடைத்தது. 1905-இல் பிளிண்டர்ஸ் பெட்ரி அங்குக் கண்ட கல்வெட்டுகளில், எகிப்தியப் படவெழுத்தை ஒத்த சில குறிகளே மீண்டும் மீண்டும் வந்தன. 1916-இல் ஆலன் கார்டினர் அவற்றுள் ‘பாலத்’ என்னும் சொல்லைப் படித்தார். ‘தலைவி’ எனப் பொருள்படும் தெய்வப் பெயர் அது. ஒரு படத்தின் பெயரிலுள்ள முதல் ஒலியே அப்படத்திற்குரிய ஒலி என்பது இம்முறையின் அடிப்படை. காளைத்தலை ‘ஆலெப்’, வீடு ‘பேத்’, நீரலை ‘மேம்’.

இம்மரபில் தோன்றிப் படவடிவம் நீங்கிச் செப்பமுற்றதே பினீசிய எழுத்து. 1923-இல் பைப்லாஸில் பியர் மோந்தே அகழ்ந்தெடுத்த அகிராம் மன்னனின் கற்பேழையில் இதன் பழைய வடிவைக் காண்கிறோம். ஏறத்தாழ கி.மு. 1000-ஐச் சார்ந்த அச்சாசனம், பேழையைத் திறப்போனைச் சபிக்கிறது.

வலமிருந்து இடமாக எழுதப்பெறும் இம்முறையில் மெய்களே உண்டு, உயிர்கள் இல்லை. செமித்திய மொழிகளில் பெரும்பாலும் மூன்று மெய்களே சொல்லின் வேராய்ப் பொருளைத் தாங்குவதால் இது குறையாகத் தோன்றவில்லை. கிரேக்கர் இவ்வெழுத்தை ஏற்றபோது, தம் மொழிக்கு வேண்டாத மெய்க்குறிகள் சிலவற்றை உயிர்களாக்கிக்கொண்டனர். ‘ஆலெப்’ அங்கு ‘ஆல்பா’ ஆயிற்று. கிரேக்கத்தின் வழியே உரோம எழுத்து பிறந்தது.

செமித்தியக் குடும்பத்துள்ளும் இதன் கிளைகள் பல. பழைய எபிரேய எழுத்தும் அரமேய எழுத்தும் இதனின்று கிளைத்தவை. அரமேயத்தினின்று சிரியாக்கும், நபத்தேயத்தின் வழியே அரபு எழுத்தும் தோன்றின. எனினும் செமித்திய எழுத்தெல்லாம் பினீசியத்தின் பிள்ளைகள் என்பது பொருந்தாது. முப்பது குறிகள் கொண்ட யுகாரிட்டு ஆப்பெழுத்து பினீசியத்திற்கு முன்பே வழக்கொழிந்தது. தென்னரேபிய எழுத்தும் அதன் வழிவந்த எத்தியோப்பிய எழுத்தும் தனிக்கிளையினவாம்.

இத்துணை எழுத்துகளுக்குத் தாயான மொழியின் இலக்கியம் எங்கே? பினீசியச் சாசனங்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. நூல் ஒன்றேனும் கிடைத்திலது. அவர்கள் எழுதிய நாணற்றாள்கள் மட்கி மறைந்தன. கி.மு. 146-இல் அவர்தம் குடியேற்ற நகரமாகிய கார்த்தேஜை உரோமர் அழித்தபோது, அங்கிருந்த நூல்களை ஆப்பிரிக்கச் சிற்றரசர்க்கு வழங்கினர். உழவு பற்றி மாகோ இயற்றிய இருபத்தெட்டு நூல்களை மட்டும் இலத்தீனில் பெயர்த்தனர். அம்மொழிபெயர்ப்பும் இன்று முழுமையாக இல்லை.

எபிரேயரோ தம் பழைய எழுத்தைக் கைவிட்டு அரமேய வடிவை மேற்கொண்டனர். ஆயினும் தம் நூல்களைத் தலைமுறைதோறும் படியெடுத்து ஓதினர். எழுத்து மாறியும் அம்மொழி வாழ்கிறது. பினீசியரின் எழுத்து வாழ்ந்தும் அவர் மொழி மறைந்தது. ஒரு மொழியைக் காப்பது அதன் வரிவடிவம் மட்டுமன்று. அதில் எழுந்த நூல்களை விடாது பயிலும் மக்களே என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.