எரியாத மலையின் பெயர்

கி.பி. 79-இல் வெசூவியஸ் வெடித்துப் பாம்பேயைப் புதைத்தபோது, நேப்பிள்ஸ் வளைகுடாவின் வடகோடியிலிருந்து பதினேழு வயது இளைஞர் ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாளில் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கேட்டுக்கொண்டதால், பார்த்ததை இரண்டு கடிதங்களாக எழுதி அனுப்பினார். அவர்தான் இளைய பிளினி. மலைமேல் எழுந்த புகைத்தூணைப் பைன் மரத்துக்கு ஒப்பிடுகிறார்; அடிமரம் நெடுக உயர்ந்து உச்சியில் கிளை பரப்பும் இத்தாலியப் பைன். நிலம் அதிர்ந்தது, கடல் உள்வாங்கியது, சாம்பல் கொட்டியது, பகல் இருண்டது என எல்லாம் அந்தக் கடிதங்களில் உண்டு. இந்த மாதிரி மலைக்கு ஒரு பொதுப்பெயர் மட்டும் இல்லை. அன்றைய லத்தீனில் அப்படியொரு சொல்லே கிடையாது. எட்னா எட்னாதான், வெசூவியஸ் வெசூவியஸ்தான்.

பொதுப்பெயர் ஒரு சின்னத் தீவிலிருந்து வந்தது. சிசிலிக்கு வடக்கே, கப்பலில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய தொலைவில், ஏழு தீவுகளின் கூட்டம் இருக்கிறது. ஏயோலியத் தீவுகள் என்று பெயர். அவற்றில் தெற்கே இருப்பதைக் கிரேக்கர்கள் ‘ஹியேரா’, அதாவது புனிதத் தீவு என்றார்கள். இரவில் நெருப்பும் பகலில் புகையும் அங்கே தெரிவதால், தீக்கடவுள் ஹெஃபைஸ்டஸ் அதற்குள் உலை வைத்து இரும்படிக்கிறான் என்று அவ்வட்டாரத்து மக்கள் நம்புவதை கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே குறித்துவைத்திருக்கிறார். ரோமானியர்கள் வந்தபோது ஹெஃபைஸ்டஸின் இடத்தில் தங்கள் கொல்லக் கடவுள் வுல்கானை உட்கார வைத்தார்கள். தீவு வுல்கானோ ஆயிற்று.

வுல்கானுக்கு ரோமில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 23-ஆம் நாள் திருவிழா. வெசூவியஸ் வெடித்தது ஆகஸ்ட் 24 என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். தீக்கடவுளின் விழாவுக்கு மறுநாள் தீமலை வெடித்தது என்றால் கதை எவ்வளவு கச்சிதம்! ஆனால் 2018-இல் பாம்பேயின் ஒரு சுவரில் கரியால் கிறுக்கிய வரி ஒன்று அகப்பட்டது. அதில் இருப்பது அக்டோபர் 17-க்குச் சமமான தேதி. ஆகஸ்டில் புதைந்துபோன ஊரில் அக்டோபரில் எவர் கிறுக்கியிருக்க முடியும்? முந்தைய ஆண்டின் கிறுக்கலாக இருக்கலாம் என்பாரும் உண்டு. ஆனாலும் அக்டோபர் கட்சிக்கே இன்று ஆள் அதிகம்.

ஒரு தீவின் பெயர் உலகத்துக்கே பொதுப்பெயர் ஆனதற்குக் காரணம் ஸ்பானிய, போர்த்துக்கீசியக் கடலோடிகள். பதினாறாம் நூற்றாண்டில் மத்திய அமெரிக்காவில் இறங்கியவர்கள், வரிசை வரிசையாகப் புகையும் மலைகளைப் பார்த்துத் தங்களுக்குத் தெரிந்த மத்தியதரைக்கடல் பெயரையே வைத்தார்கள். ஒவ்வொன்றும் அவர்களுக்கு ஒரு ‘வுல்கான்’. நிக்கராகுவாவின் மசாயா மலைக்கு மட்டும் கூடுதலாக ‘நரகத்தின் வாய்’ என்ற பட்டமும் கிடைத்தது. அதன் கிண்ணத்தில் கொதிக்கும் குழம்பைப் பார்த்த பிளாஸ் தெல் காஸ்தியோ என்ற பாதிரியாருக்கு நரகம் தோன்றவில்லை; உருகிய தங்கம் என்று தோன்றியது. 1538-இல் தம்மை உள்ளே இறக்கிக்கொண்டு மாதிரி எடுக்கப் பார்த்தார். கிடைத்தது கல். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள்ளும் வந்து ‘வால்கேனோ’ ஆயிற்று.

சொல் மட்டும் பயணப்படவில்லை. வுல்கானின் உலையும் கூடவே போயிற்று. உலை என்றால் எரிபொருள் வேண்டும். மலைக்குள் எரிவது எது என்று ஐரோப்பிய அறிஞர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தேடினார்கள். நிக்கோலா லெமெரி என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1700-இல் இரும்புத் தூளையும் கந்தகத்தையும் நீர்விட்டுப் பிசைந்து மண்ணில் புதைத்துவைத்தார். கலவை தானே சூடேறி மண்ணைப் பிளந்துகொண்டு புகைந்தது. செயற்கை எரிமலை என்று அதைக் கொண்டாடினார்கள். அந்த நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியின் பெரும் புவியியல் ஆசான் ஆபிரகாம் வெர்னர், பூமிக்கடியில் நிலக்கரிப் படுகைகள் தீப்பிடிப்பதால்தான் மலை கக்குகிறது என்று பாடம் நடத்தினார். அவர் மாணவர்கள் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் போய், நிலக்கரியே இல்லாத இடத்திலும் மலை கக்கியிருப்பதைக் கண்ட பிறகுதான் ஆசானின் கொள்கை ஆட்டம் கண்டது.

உள்ளே எதுவுமே எரியவில்லை. பூமியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள மூடகம் நாம் நினைப்பதுபோல் உருகிய கடல் அன்று. பெரும்பகுதி திடப் பாறை. கடும் வெப்பத்தில் இருந்தும் அது உருகாமல் இருப்பது மேலேயுள்ள சுமையின் அழுத்தத்தால். அந்தப் பாறை உருக இரண்டு வழிகள் முக்கியமானவை. ஒன்று, அழுத்தம் குறைவது. நிலத்தட்டுகள் பிரியும் இடத்தில், அல்லது ஹவாய்க்கு அடியில் உள்ளதுபோல் ஆழத்திலிருந்து சூடான பாறை ஊர்ந்து மேலேறும் இடத்தில், சுமை குறையக் குறையப் பாறை தானே உருகும். மற்றொன்று நீர். கடலடித் தட்டு இன்னொரு தட்டுக்குக் கீழே சரிந்து இறங்கும்போது, கனிமங்களில் கட்டுண்டிருந்த நீர் ஆழத்தில் விடுபட்டு மேலேயுள்ள பாறையில் கசியும். நீர் சேர்ந்த பாறைக்கு உருகுநிலை குறைவு. பசிபிக்கைச் சுற்றியுள்ள மலைகள் பெரும்பாலும் இப்படிப் பிறந்தவை. வுல்கானோவையும் இந்த இரண்டாம் வழியில்தான் பெரும்பாலோர் சேர்க்கிறார்கள். தீக்கடவுளின் உலைக்கு விறகு தண்ணீர்!

தமிழில் எரிமலை என்கிறோம். இதுவும் அதே பார்வைதான். மலையாளமும் தெலுங்கும் அக்னிபர்வதம் என்கின்றன. சிங்களத்தில் கினி கந்த, இந்தோனேசியாவில் குனுங் அப்பி, ஜப்பானில் கசான், ஐஸ்லாந்தில் எல்ட்ஃபியல். பொருள் அத்தனைக்கும் நெருப்பு மலைதான். நித்தம் அதன் அடியில் வாழ்கிறவர்களும், வாழ்நாளில் பார்க்காதவர்களும் ஒரே பெயரைச் சொல்கிறார்கள். இந்தி மட்டும் கொஞ்சம் விலகி ‘ஜ்வாலாமுகி’ என்கிறது, சுடர்வாய். அதே பெயரில் இமாசலத்தின் காங்க்ரா மாவட்டத்தில் அம்மன் கோயில் இருக்கிறது. பாறை இடுக்கில் கசியும் இயற்கை எரிவாயுதான் அங்கே சுடராக நிற்கிறது. அது எரிமலை இல்லை, ஆனால் உண்மையிலேயே எரிகிறது. ஹவாய் மக்களின் சொல் இன்னும் வேறு: ‘லுவா பெலே’, அதாவது பெலே என்ற தெய்வத்தின் குழி. அங்குள்ள கிலவேயா எரிமலையின் சரிவு அவ்வளவு மென்மையானது. அங்கே கண்ணில் படுவது குழிதான், மலை இல்லை. எனக்கு இவற்றுள் மிகவும் பிடித்தது இந்தக் குழி என்ற சொல்லே.

ஆனால் நம் எரிமலைக்குள் மற்ற மொழிகளுக்குக் கிட்டாத ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. ஊறுகாய் போல இதையும் வினைத்தொகையாகப் பிரிக்கலாம்: எரிந்த மலை, எரிகின்ற மலை, எரியும் மலை. தணிந்தது, செயல்படுவது, உறங்குவது என்று புவியியலார் பிரிக்கும் மூன்று நிலைகளும் காலம் கரந்த இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. எரி என்பதற்கு நெருப்பு என்ற பெயர்ப்பொருளும் உண்டே, இது எரியை உடைய மலை ஆகாதா என்று இலக்கணப் புலவர் கேட்கலாம். ஆகும். வினைத்தொகைக்கே என் வாக்கு.

வகைகளின் பெயர்களுக்கு வந்தால் காற்று மாறுகிறது. அங்கே கொள்கை குறைவு, கண்ணால் பார்த்தது அதிகம். ஐஸ்லாந்தில் ‘ஸ்கியல்ட்பிரெய்தர்’ என்றொரு மலை உண்டு, அகன்ற கேடயம் என்று பொருள். கவிழ்த்துவைத்த கேடயம் போலத் தாழ்ந்து பரந்த அந்த மலையின் பெயர்தான் கேடய எரிமலை என்ற வகைப்பெயருக்கு மூலம். சிலிக்கா குறைந்த பசால்ட் குழம்பு 1,100 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாகவும் இளக்கமாகவும் இருப்பதால் நெடுந்தூரம் ஓடிப் பரவும். அடுக்கு மேல் அடுக்காகப் பரவியே ஹவாயின் 4,169 மீட்டர் உயர மௌனா லோவா எழுந்தது. ஓடும் குழம்பின் இரண்டு நடைகளுக்கும் ஹவாய் மொழியே உலகத்துக்குப் பெயர் தந்திருக்கிறது. மழமழவென்று கயிறு முறுக்கியதுபோல் உறைந்தால் ‘பாஹோயிஹோயி’. கரடுமுரடாக, காலைக் கிழிக்கிற கற்களாக உறைந்தால் ‘அஆ’. ஆம், நம் அரிச்சுவடியின் முதல் இரண்டு எழுத்துகள்தாம். அதன்மேல் செருப்பில்லாமல் நடப்பவர் வாயில் வருவதும் அதுவாகத்தான் இருக்கும்.

சிலிக்கா கூடினால் குழம்பு கெட்டிப்படும். அதில் கரைந்துள்ள நீராவியும் கரியமில வாயுவும் எளிதில் வெளியேற முடியாமல் அழுந்திக் கிடந்து கடைசியில் வெடித்துப் பிளக்கும். சாம்பலும் குழம்பும் மாறி மாறிப் படிந்து செங்குத்தாக எழுவது அடுக்கு எரிமலை. ஃபூஜியும் வெசூவியஸும் இந்த இனம். தழல் கூம்பு என்பது இவற்றில் சிறியது. 1943 பிப்ரவரியில் மெக்சிகோவில் ஒரு விவசாயியின் சோளக்கொல்லையில் நிலம் வெடித்து, ஓராண்டுக்குள் முந்நூறு மீட்டருக்கு மேல் வளர்ந்த பரிகூட்டின் அதற்குப் பாடநூல் உதாரணம். உச்சி இடிந்து உள்ளே விழுந்து உண்டாகும் பெரும்பள்ளம் கல்தேரா. ஸ்பானிய மொழியில் அண்டா. கனேரித் தீவுகளில் அந்தப் பெயருள்ள பள்ளத்திலிருந்து சொல் புவியியலுக்குள் வந்தது. சுமத்திராவின் தோபா ஏரி இப்படியொரு பள்ளத்தில் நிற்கும் நீர்தான். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்தபோது பறந்த சாம்பல் ஆந்திரத்தில் கர்னூல் பக்கம் ஓர் ஊரின் மண்ணுக்கடியில் படிவமாகக் கிடக்கிறது. அந்த ஊரின் பெயர் ஜ்வாலாபுரம். தற்செயல்தான், அந்த வெடிப்பை நினைவில் வைத்துப் பெயரிட எவரும் இருந்திருக்க முடியாது. சொல்லாராய்ச்சிக்காரரைக் கவிழ்ப்பதற்கென்றே வரலாறு விட்டுவைக்கும் கண்ணி இது.

இன்னொரு கண்ணி பெலே. ஹவாய்த் தெய்வத்தின் பெயரால், குழம்பு காற்றில் இழுபட்டு உண்டாகும் கண்ணாடி இழைகளைப் ‘பெலேயின் கூந்தல்’ என்பார்கள். 1902 மே 8 அன்று கரீபியன் தீவான மார்ட்டினிக்கில் செயின்ட் பியர் நகரத்தை வாயுவும் சாம்பலும் கலந்த சூட்டுமேகம் சில நிமிடங்களில் துடைத்தது. இறந்தவர்கள் ஏறக்குறைய 28,000 பேர். மலையின் பெயர் பெலே. பிரெஞ்சு அறிஞர் ஆல்ஃபிரெட் லக்ரோவா அங்கே ஆராய்ந்ததிலிருந்து அவ்வகை வெடிப்புக்குப் பெலேயன் என்று பெயர் நிலைத்தது. இரண்டு பெலேக்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மார்ட்டினிக் மலைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயருக்கு மொட்டை என்று பொருள்.

வெடிக்கும் விதங்களின் பெயர்ப்பட்டியல் ஏறக்குறைய முழுவதும் இப்படி ஊர்ப்பெயர்தான். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தீப்பொறி வீசி மாலுமிகளுக்குக் கலங்கரை விளக்கமாக இருந்த ஸ்ட்ராம்போலியால் ஸ்ட்ராம்போலியன். 1963-இல் ஐஸ்லாந்துக்குத் தெற்கே கடலிலிருந்து எழுந்த சுர்ட்சேயால் சுர்ட்சேயன். ஆள்பெயர் ஒன்றே ஒன்று, பிளினியன். பெயரே இல்லாமல் மலையை எழுதிவைத்தவரின் பெயர், பைன் மரம்போல் முகில் எழும் மாபெரும் வெடிப்புகளுக்குப் பெயராயிற்று. வுல்கானோவுக்கும் சொந்தப் பங்கு கிடைத்தது. 1888 முதல் 1890 வரை அது வெடித்ததை நேரில் ஆராய்ந்த ஜுசெப்பே மெர்கல்லி (நிலநடுக்க அளவுகோலின் அதே மெர்கல்லி), கெட்டியான அடைப்பை உடைத்துக்கொண்டு விட்டுவிட்டுக் குமுறும் அந்த விதத்தை வல்கேனியன் என்றார். எல்லா எரிமலைக்கும் பெயர் தந்த தீவு, ஒரு குறிப்பிட்ட வகைக்கும் பெயர் தந்தாயிற்று. மாணவர்களுக்குக் குழப்பம்தான்.

மலையே இல்லாத எரிமலைகளும் உண்டு. 1783-இல் ஐஸ்லாந்தின் லாக்கியில் 27 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் பிளந்து குழம்பு பொங்கியது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் நடந்தது அதைவிடப் பிரம்மாண்டம். இன்று மகாராஷ்டிர மலைகளில் படிப்படியாகத் தெரியும் பசால்ட் அடுக்குகள் அப்போது பொங்கிப் பரவியவை. அவற்றின் ஆங்கிலப் பெயரான ‘டெக்கான் ட்ராப்’ என்பதிலுள்ள ட்ராப் கண்ணியும் இல்லை பொறியும் இல்லை. ஸ்வீடிய மொழியில் படிக்கட்டு.

இந்தியாவில் இன்று கக்கிக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறக்குறைய 140 கிலோமீட்டரில், மூன்று கிலோமீட்டர் அகலத் தீவு. 1787-இல் அது வெடித்ததை ஆங்கிலேயர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்கள் வழக்கில் அதன் பெயர் பாரன், தரிசு. பிறகு நூறாண்டுக்கும் மேல் அடங்கிக் கிடந்துவிட்டு, 1991-இல் மறுபடி வெடித்தது. அதற்குப் பிறகும் பலமுறை. அதற்கு வடக்கே நார்கொண்டம் என்று இன்னொரு தீவு. அதுவும் எரிமலைதான், ஆனால் மனிதர்க்குத் தெரிந்து வெடித்ததில்லை. ‘நரக குண்டம்’ என்பதே நார்கொண்டம் ஆயிற்று என்று கீழைத்தேய அறிஞர் ஹென்றி யூல் கருதினார். அப்படியானால் தணிந்த தீவுக்கு ஏன் அந்தப் பெயர்? பழைய கடலோடிகள் தரிசுத் தீவைப் பார்த்து வைத்த பெயர் எப்படியோ பக்கத்துத் தீவுக்குத் தாவிவிட்டது என்று ஒரு கருத்து உண்டு. சான்று கேட்டால் யாரிடமும் இல்லை. ஆனால் மசாயாவைப் பார்த்தவர்களுக்கும் நரகம்தான் தோன்றியது என்பதால், என்னால் இதை எளிதில் தள்ள முடியவில்லை. எப்படியோ, வரைபடத்தில் இன்று கக்குவது தரிசு. நரக குண்டத்தில் இருப்பது மழைக்காடு, உலகில் வேறெங்கும் காணக்கிடைக்காத ஓர் இருவாச்சி, ஒரு காவல் நிலையம்.