ஆரம்பத்தைப் பார், உறவு தெரியும்

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு சரம். எந்த உயிரானாலும் முதல் மணி அநேகமாக மெத்தியோனின்தான். ஆனால் அந்த முதல் மணியை எது, எப்படிக் கொண்டுவந்து வைக்கிறது என்பதில் ஒரு குடும்ப வரலாறே அடங்கியிருக்கிறது.

1964-ல் மார்க்கரும் சேங்கரும் ஈ.கோலை பாக்டீரியாவில் இந்த மெத்தியோனின் 'ஃபார்மைல்' என்ற குட்டித் தொப்பியோடு வருவதைக் கண்டுபிடித்தார்கள். நம் செல்லின் சைட்டோபிளாசத்தில் அந்தத் தொப்பி கிடையாது. 1974-ல் ஆஸ்திரேலியாவில் ஷைனும் டால்கார்னோவும் இன்னொன்றைச் சொன்னார்கள். பாக்டீரியாவின் எம்.ஆர்.என்.ஏ.வில் தொடக்க இடத்துக்குச் சற்று முன்னால் ஓர் அடையாளத் துண்டு உண்டு, ரைபோசோம் அதைப் பிடித்துக்கொண்டுதான் சரியான இடத்தில் நிற்கிறது என்று. ஆக, உட்கரு உள்ளவை, இல்லாதவை என்று உயிர்கள் இரண்டே கட்சி. அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

1977-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் ரைபோசோம் ஆர்.என்.ஏ.க்களை ஒப்பிட்டுவிட்டு, மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பாக்டீரியாவே அல்ல, தனிக் கிளை என்றார்கள். பலர் சிரித்தார்கள். நோபல் பரிசு பெற்ற லூரியா, வோஸின் சகா ரால்ஃப் உல்ஃபைத் தொலைபேசியில் அழைத்து, இதிலிருந்து விலகாவிட்டால் உன் எதிர்காலம் போய்விடும் என்று எச்சரித்தாராம். உல்ஃபே பின்னாளில் சொன்னது இது.

1996-ல் மெத்தனோகாக்கஸ் ஜன்னாஷி என்ற ஆர்க்கியாவின் மரபணுத் தொகுதி, சுமார் 16.6 லட்சம் எழுத்துகள், முழுதாக வெளிவந்தது. பார்த்தால், புரதத்தைத் தொடங்கிவைக்கும் காரணிகளில் நம் சாயல்! மெத்தியோனினைத் தூக்கி வரும் ஏஐஎஃப்2 மூன்று துண்டுகளால் ஆனது, நம் இஐஎஃப்2-வின் நேர் சொந்தம். மெத்தியோனினுக்குத் தொப்பியும் இல்லை. ஆனால் பல ஆர்க்கியாக்களின் எம்.ஆர்.என்.ஏ.வில் பாக்டீரியா போலவே ஷைன்-டால்கார்னோ அடையாளம் இருக்கிறது. கந்தக வெந்நீர் ஊற்றில் வாழும் சல்ஃபோலோபஸிலோ, பல எம்.ஆர்.என்.ஏ.க்களுக்கு முன்பகுதியே இல்லை. முதல் எழுத்திலேயே சேதி ஆரம்பித்துவிடுகிறது.

வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்கு இது புதிதா என்ன? ரயிலில் எதிரே இருப்பவரை உடையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும். ஆர்க்கியாவின் உருவம் பாக்டீரியா. பேச்சைத் தொடங்கும் விதத்தில் பெரும்பகுதி நம் வீட்டுப் பழக்கம்.

வோஸ் 2012 டிசம்பரில் மறைந்தார். நோபல் கிடைக்கவில்லை. 2015-ல் ஆர்க்டிக் கடலடிச் சேற்றிலிருந்து லோகிஆர்க்கியோட்டா என்ற புதிய ஆர்க்கியாக் குழு தெரியவந்தது. நம் செல்களின் முன்னோர் ஆர்க்கியாவின் வழியில் வந்தவர்கள் என்ற கருத்துக்கு அது பெரிய பலம் சேர்த்தது. வீட்டில் பயாலஜி படிக்கும் பிள்ளைகள் இருந்தால் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். கேலி செய்யப்பட்ட மூன்றாவது கிளையில்தான் நம் பாட்டன் வீடும் இருக்கிறது.