பிழை பொறுக்கும் பொறி



கணினியின் பெருமையைப் பேசுவோர் அதன் விரைவையும் நினைவாற்றலையும் எடுத்துரைப்பது வழக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்ற எனக்கோ அதன் மற்றொரு குணமே பெரிதாகத் தோன்றுகிறது. செய்த பிழையைத் திருத்திக்கொள்ள இடந்தருகிறதே, அந்தக் குணத்தையே சொல்லுகிறேன். நம் வீட்டு மேசைமீது இருக்கும் கணினிக்கு இக்குணம் எவ்வாறு வாய்த்தது, அதனை நாம் எவ்வாறு பயன்கொள்வது, அதன் எல்லை யாது என்னும் மூன்றையும் இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

ஆசிரியப் பயிற்சி பெற்றவர் யாவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. சிலேட்டில் எழுதும் பிள்ளை துணிந்து எழுதுவான். அவனே மைப்பேனாவைக் கையில் எடுத்தால் தயங்குவான். இரண்டிடத்தும் அவன் அறிவு ஒன்றே. சிலேட்டில் எழுதியதை அழித்து எழுதலாம் என்னும் நம்பிக்கைதான் அவனுக்குத் துணிவு தருகிறது. என் வயதையொத்த பலர் கணினியின் முன் அமரும்போது, மைப்பேனா பிடித்த பிள்ளையாகிவிடுகின்றனர். எதையேனும் தொட்டால் எல்லாம் போய்விடுமோ என்று அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தால் தம் ஓய்வூதியக் கணக்கையும் வங்கியின் கடவுச்சொல்லையும் பிறர் கையில் ஒப்படைத்துவிடுகின்றனர். ஆகவே, நாம் பேசப்புகும் பொருள் சிறிதன்று. தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்ளும் உரிமை இதில் அடங்கியிருக்கிறது.

இந்த அச்சத்துக்கு ஒரு காலத்தில் தக்க காரணமும் இருந்தது. தொடக்கக் காலக் கணினிகளுக்குத் துளையிட்ட அட்டைகளின் வழியாகவே கட்டளை கொடுத்தனர். ஒரு துளை இடம் மாறினாலும் அவ்வளவு வேலையும் வீணாகும். பிறகு திரையும் விசைப்பலகையும் வந்தன. அப்போதும் தொல்லை தீர்ந்தபாடில்லை. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்துப் பாலோ ஆல்டோ நகரில், ஜெராக்ஸ் நிறுவனம் 1970-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தது. 1973-இல் அங்கே உருவான ஆல்டோ என்னும் கணினியே இன்றைய மேசைக் கணினிகளுக்கு முன்னோடி. அதில் எழுதுவதற்குப் ‘பிராவோ’ என்னும் மென்பொருளைச் செய்தனர். மிகுந்த திறமையுடையதுதான், ஆனால் அதற்கு இரண்டு நிலைகள் இருந்தன. ஒரு நிலையில் நாம் தட்டும் எழுத்து, எழுத்தாகவே திரையில் விழும். மற்றொரு நிலையில் அதே எழுத்து கட்டளையாகிவிடும். கட்டளை நிலையில் இருப்பதை மறந்து ‘எடிட்’ என்னும் ஆங்கிலச் சொல்லை ஒருவர் தட்டினால் என்ன ஆகும்? முதலெழுத்து ‘முழுவதையும் தேர்ந்தெடு’ என்று பொருள்படும். இரண்டாம் எழுத்து ‘அழி’ என்று பொருள்படும். மூன்றாம் எழுத்து ‘இனி வருவதைச் சேர்’ என்று பொருள்படும். எழுதிய கட்டுரை முழுவதும் மறைந்து, நான்காம் எழுத்து ஒன்றே திரையில் நிற்கும்! கணினி உலகில் பலமுறை எடுத்துச் சொல்லப்படும் கதை இது.

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் லாரி டெஸ்லர் என்னும் அறிஞர் பணியாற்றினார். 1945-இல் பிறந்து 2020-இல் மறைந்தவர் அவர். மனிதன் பொறியின் நிலையை நினைவில் வைத்துக்கொண்டு திண்டாடக் கூடாது என்பது அவருடைய உறுதியான கொள்கை. ‘நிலைகள் வேண்டா’ என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரைத் தம் மோட்டார் வண்டியின் எண்பலகையிலேயே அவர் பொறித்துக்கொண்டார் என்றால், அவர் பற்றை என்னென்பது! கணினியில் பழக்கமில்லாத செயலாளர் ஒருவரை வெறுந்திரையின் முன் அமரச் செய்து, ‘இங்கே ஒரு கட்டுரை இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், அதை எவ்வாறு திருத்துவீர்கள்?’ என்று அவர் கேட்டறிந்தார். மாணவன் அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்ல வேண்டும் என்று கல்வி நூலார் கூறும் நெறியை அவர் பொறியியலில் கையாண்டார் என்பது என் கருத்து.

ஜெராக்ஸ் நிறுவனத்துக்கு உரியதாய் இருந்த ஒரு பாடநூற் பதிப்பகத்துக்காக, டெஸ்லரும் டிம் மாட் என்பவரும் ‘ஜிப்சி’ என்னும் எழுதுமென்பொருளை 1975-ஆம் ஆண்டை ஒட்டி உருவாக்கினர். பதிப்பகத்தார் கத்தரிக்கோலால் தாளை வெட்டி, பசை தடவி வேறிடத்தில் ஒட்டுவது வழக்கமன்றோ? அந்த வழக்கமே திரைக்கு வந்தது. வெட்டு, நகலெடு, ஒட்டு என்று இன்று சிறுவரும் செய்யும் செயல்கள் இவ்வாறு உருப்பெற்றன.

செய்ததை மீட்டுக்கொள்ளும் கட்டளைக்கும் தனி வரலாறு உண்டு. 1968-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஒரு பதிப்பு மென்பொருளிலேயே அது இடம்பெற்றது. இறுதியாகக் கொடுத்த கட்டளையையாவது திரும்பப் பெற இடமிருத்தல் நலம் என்று ஐ.பி.எம். நிறுவனத்து ஆய்வாளர் இருவர் 1976-இல் வெளியிட்ட அறிக்கையில் எழுதினர். எனினும், இவையெல்லாம் ஆய்வுக் கூடங்களுக்குள் அடங்கியிருந்த வசதிகளே.

அவை பொதுமக்களை அடைந்த வழியைக் காண்போம். 1981-இல் ஜெராக்ஸ் நிறுவனம் ‘ஸ்டார்’ என்னும் கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அலுவலக மேசையே அதன் திரையில் தோன்றியது. தாள்களும் கோப்புறைகளும் சிறு படங்களாகக் காட்சியளித்தன. அதன் விலையோ 16,000 டாலருக்கு மேல்! 1980-இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்த டெஸ்லர், அங்கே ‘லிசா’ என்னும் கணினியை உருவாக்கிய குழுவில் உழைத்தார். 1983-இல் வெளிவந்த அக்கணினியின் திரையில் ஒரு குப்பைக்கூடை இருந்தது. வேண்டாத கோப்பை அதில் இடலாம், தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம். லிசாவின் விலை 9,995 டாலர். அடுத்த ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள் வெளிவந்த மெக்கின்டாஷ் 2,495 டாலருக்குக் கிடைத்தது. விலை இறங்க இறங்க, பிழை பொறுக்கும் குணமும் எளியோரை நோக்கி நடந்துவந்தது என்று சொல்லலாம்.

1985 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் முதல் விண்டோஸை வெளியிட்டது. ஆயினும், அழித்த கோப்பைக் காத்துவைக்கும் ‘ரீசைக்கிள் பின்’ என்னும் தொட்டி, 1995 ஆகஸ்டு 24-ஆம் நாள் வெளிவந்த விண்டோஸ் 95-இல்தான் இடம்பெற்றது. லினக்ஸ் உலகின் கதையும் இத்தகையதே. பின்லாந்து நாட்டு மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் அதனைத் தொடங்கியபோது, கட்டளை எழுதத் தெரிந்தவர்க்கே அது பயன்பட்டது. அங்கே அழிக்கும் கட்டளை கொடுத்தால் கோப்பு உடனே போய்விடும், தொட்டிக்குச் செல்லாது. பொதுமக்களும் அஞ்சாது பயன்படுத்த வேண்டும் என்று கருதி, 1996-இல் கே.டி.ஈ. என்னும் முயற்சியும், 1997-இல் க்னோம் என்னும் முயற்சியும் தொடங்கப்பட்டன. 2004-இல் உபுண்டு வந்தது. இவற்றிலும் குப்பைத்தொட்டி உண்டு.

இனி, நாம் கையாளும் முறையைப் பார்ப்போம். விசைப்பலகையின் கீழ்வரிசையில், இடக்கைப் பக்கம், இசட், எக்ஸ், சி, வி என்னும் நான்கு எழுத்துகள் இருக்கின்றன. விண்டோஸிலும் லினக்ஸிலும் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு இவற்றைத் தட்டினால், முறையே மீட்டல், வெட்டல், நகலெடுத்தல், ஒட்டல் ஆகியவை நடைபெறும். ஆப்பிள் கணினியில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட் விசை. இவற்றுள் இசட் எழுத்தையே நான் முதற்பாடமாக வைப்பேன். எழுதும்போது மட்டுமன்றி, கோப்பின் பெயரை மாற்றியபோதும், தவறான இடத்துக்கு நகர்த்தியபோதும், உடனே இதைத் தட்டினால் பழைய நிலை திரும்பும். இதனை அறியாதோர் பலர். மேலும், விண்டோஸில் 2018-ஆம் ஆண்டு இறுதி முதல் மற்றொரு வசதி உண்டு. விண்டோஸ் விசையோடு வி எழுத்தைத் தட்டினால், நகலெடுத்தவற்றின் பட்டியல் தோன்றும். முதன்முறை அதனை இயக்க இசைவு கேட்கும். இசைந்தால், அதன்பின் நகலெடுப்பவை வரிசையாக நிற்கும்.

பொறுமைக்கும் எல்லை உண்டு. அதை அறியாதவன் ஏமாறுவான். விண்டோஸில் ஷிஃப்ட் விசையோடு டெலீட் விசையை அழுத்தி அழித்த கோப்பு தொட்டிக்குச் செல்லாது. பென்டிரைவிலிருந்து அழித்ததும் அவ்வாறே. தொட்டியைக் காலி செய்தபின் மீட்பது அரிது. எல்லாவற்றினும் பெரிய எல்லை ஒன்று இருக்கிறது. கணினியின் பொறுமை உங்கள் மேசையோடு முடிகிறது. வங்கியிலிருந்து அனுப்பிய பணத்தை எந்த விசையும் திருப்பித் தராது. ‘உங்கள் கணினியில் கிருமி புகுந்துள்ளது, நாங்கள் சீர்செய்கிறோம், உள்ளே வர வழிவிடுங்கள்’ என்று தொலைபேசியில் பேசும் வஞ்சகனுக்கு ஒருமுறை இடங்கொடுத்தால், அந்தப் பிழையையும் எந்த விசையும் மீட்காது. ஆதலால், மேசைக்குள் துணிவும், மேசைக்கு வெளியே நிதானமும் வேண்டும்.

மீட்க இயலாத இழப்புக்கு முன்கூட்டியே மருந்து தேட வேண்டும். 2017 மே 12-ஆம் நாள் ‘வானாகிரை’ என்னும் தீய மென்பொருள் உலகெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் கொள்ளை அது. 150 நாடுகளுக்கு மேற்பட்ட இடங்களில் கணினிகள் முடங்கின. இங்கிலாந்தில் பொது மருத்துவமனைகளும் தத்தளித்தன. அந்தக் கொள்ளை புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. அதைச் சேர்த்துக்கொண்டவர் தப்பினர். ‘அப்டேட்’ என்று கணினி கேட்கும்போது எரிச்சலுற்று ஒத்திவைப்போர் இந்தச் செய்தியை நினைவிற்கொள்ள வேண்டும்.

2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. அக்கணினிகள் இயங்காமல் நின்றுவிடவில்லை. ஆனால் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் முன்போல் தாமாக வாரா. புதிய விண்டோஸுக்கு மாறலாம். பழைய கணினி அதற்கு இடந்தராவிட்டால், விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸை அதில் நிறுவலாம். எதைச் செய்யினும், முதலில் உங்கள் கோப்புகளுக்குப் படியெடுத்து வேறொரு வன்தட்டில் வையுங்கள். வேலை முடிந்ததும் அந்த வன்தட்டைக் கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள். கணினியோடு எப்போதும் பிணைந்திருக்கும் படியைக் கொள்ளைமென்பொருள் சேர்த்தே பூட்டிவிடக்கூடும்.

நேயர்களே! பொறிக்குப் பொறுமை இயல்பன்று. பிறர் தவறுவர் என்று முன்னரே எண்ணிப்பார்த்த சிலர் அதற்குப் பொறுமையைக் கற்பித்தனர். அவர்கள் நமக்காகத் திறந்துவைத்த வழியை நாம் பயன்படுத்தாமல் விடுவது முறையாகுமா? இன்று மாலை ஓர் ஓய்ந்த பொழுதில் கணினியின் முன் அமருங்கள். வெற்றுப் பக்கம் ஒன்றில் நான்கு வரி எழுதுங்கள். வேண்டுமென்றே அவற்றை அழியுங்கள். பிறகு கன்ட்ரோல் விசையோடு இசட் எழுத்தைத் தட்டிப் பாருங்கள். அழிந்த வரிகள் மீண்டு வரும். அவற்றோடு உங்கள் துணிவும் திரும்பும்.