கப்பல்தள ஆணையர் முதல் அட்மிரல் கண்காணிப்பாளர் வரை

பிரித்தானியக் கடற்படைக் கப்பல்தளங்களின் தலைமைப் பதவி பெற்ற மாற்றம், பொறுப்பும் அதிகாரமும் ஒருவரிடம் வந்துசேர்ந்த வரலாறாகும். 17ஆம் நூற்றாண்டில் கடற்படை வாரியத்தின் சார்பில் பெருந்தளங்களில் ஆணையர்கள் தங்கியிருந்தனர். அது குடிமைப் பதவி. போர்க்கப்பல்களுக்குப் படையாணை பிறப்பிக்கும் உரிமை அதற்கு இல்லை.

இக்குறையின் விளைவை 1667ஆம் ஆண்டு ஜூன் மாத நிகழ்வு காட்டுகிறது. டச்சுக் கடற்படை மெட்வே ஆற்றினுள் நுழைந்து ‘ராயல் சார்லஸ்’ கப்பலைக் கைப்பற்றியது. நிதியின்மையால் பெருங்கப்பல்கள் பணியின்றி நிறுத்தப்பட்டிருந்தமை இத்தோல்விக்கு முதன்மைக் காரணமாகும். பாதுகாப்புக்குத் தலைமையேற்றவர் ஆல்பமார்ல் பிரபு. ஆயினும் அக்கப்பலை ஆற்றின் மேற்பகுதிக்குக் கொண்டுசெல்லத் தவறினார் எனச் சாத்தம் தள ஆணையர் பீட்டர் பெட் குற்றஞ்சாட்டப்பட்டார். லண்டன் கோபுரத்தில் சிறைவைக்கப்பட்டுப் பதவியும் இழந்தார்.

165 ஆண்டுகளுக்குப் பின், 1832இல் ஜேம்ஸ் கிரகாம் கடற்படை வாரியத்தைக் கலைத்தார். ஆணையர்களுக்கு மாற்றாகப் படை அதிகாரம் உடைய கண்காணிப்பாளர்கள் அமர்த்தப்பட்டனர். போர்ட்ஸ்மவுத்தில் அட்மிரல் கண்காணிப்பாளர் பொறுப்பை அவ்வாண்டு ஏற்றவர் பிரெடெரிக் மெயிட்லண்ட். 1815இல் நெப்போலியன் சரணடைந்தது இவரது கப்பலில்தான். 1971இல் இப்பதவி ‘துறைமுக அட்மிரல்’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. பெட் பெறாத படை அதிகாரமே 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் சாரம் எனலாம்.